பாலத்தின் நடுவில் பின்னுக்கு எடுத்த வான்

சுனாமி வந்த காலையில், கல்லடிப் பாலத்தின் நடுவில் நான் ஓட்டி வந்த வான் இறுகி நின்றது. பாலத்துக்கு அந்தப் பக்கம் என் மனைவியும் பிள்ளையும். அந்தப் பக்கம்தான் கடல். முன்னுக்குப் போக முடியவில்லை. ஸ்டேரிங்கில் தலையை முட்டிக்கொண்டு அழுதேன்.

சபையாரே, எனக்கு வாகனம் ஓட்டத்தான் தெரியும், பேச வராது. "நீங்க சொல்லாட்டி நான் எழும்பிச் சொல்லுவன்" என்று மனைவி மேரி மிரட்டியிருக்கிறாள். அவள் சொன்னால் என் மானம் கப்பலேறிவிடும். ஆகவே நானே சொல்கிறேன்.

புதிய பாலத்தில் பறக்கிற பிள்ளைகளுக்குப் பழைய பாலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒடுங்கிய இரும்புப் பாலம். ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வாகனங்கள்தான் போகலாம். இக்கரையில் ஒருவர் லைட்டைப் போட்டால் "நான் வாறன், நீ நில்லு" என்று அர்த்தம். அக்கரைக்காரர் தன் லைட்டை அணைத்துவிட்டு நிற்பார். இதை யாரும் எழுதி ஒட்டவில்லை, எல்லாருக்கும் தெரியும். நிற்கிற நேரம் என்ஜினை நிறுத்திவிட்டு இறங்குவோம். வாவிக் காற்று முகத்தில் அடிக்கும். "என்ன மச்சான், றால் பட்டுதா?" என்று தோணிக்காரரைக் கூப்பிட்டுக் கேட்போம். அடடா, அப்படி நின்ற நாட்களை நினைத்தால் இன்றைக்கும் ஆசையாக இருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பட்டணத்துக் கோயிலுக்கு ஆட்களை ஏற்றி வந்திருந்தேன். மகள் ஜெனிக்குக் காய்ச்சல். அதனால் மேரி அவளோடு கல்லடி வீட்டிலேயே நின்றுவிட்டாள். திடீரென்று, "கடல் வந்திட்டு! கல்லடி போயிட்டு!" என்று தெருவில் சனம் கத்தியது. வானை எடுத்துக்கொண்டு பாலத்துக்குப் பறந்தேன். லைட்டைப் போட்டு, ஹோர்னில் கையை வைத்து அழுத்தியபடி உள்ளே விட்டேன்.

அங்கேதான் கணக்குப் பிழைத்தது. அக்கரையில் இருந்து வந்தவர்களும் எல்லாரும் லைட்டைப் போட்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் "நான் வாறன்" என்று சொல்லிக்கொண்டே வந்து நடுப் பாலத்தில் முட்டுக்கு முட்டாக நின்றுவிட்டோம். வாகனங்களுக்கு இடையில் சனம் ஈரத்தோடு ஓடுகிறது. எனக்கு முன்னால் பெட்டி பூட்டிய ஓர் உழவு மெசின், டிராக்டர்தான். பெட்டி நிறையக் காயப்பட்டவர்கள். "எடுடா பின்னுக்கு!" என்று நான் கத்தினேன். பிறகு ஸ்டேரிங்கில் தலையை முட்டிக்கொண்டேன். "ஆண்டவரே, வழியைத் திறவும். எனக்கு ஆறுதல் தாரும்" என்று மட்டும் வாயில் வந்தது.

யாரோ கண்ணாடியில் தட்டினார்கள். மெசின்காரர். கிரான் பக்கத்து வயல்காரர், நெல் மூட்டை இறக்க வந்தவராம். நெற்றியில் திருநீறு.

"தம்பி, கோவிக்காத. எனக்குப் பின்னுக்கு எவ்வளவு சனம் நிக்குதெண்டு பாரு. நீ ஒராள். ஆறுதலாப் பின்னுக்கு எடு மனே."

நம் ஊரில் மெதுவாகப் போவதற்கும் ஆறுதல் என்றுதானே சொல்கிறோம்? பிறந்த நாள் முதல் கேட்ட சொல். அன்றைக்கு அது ஆண்டவரின் வாயிலிருந்து வந்தது போல எனக்குக் கேட்டது. நான் கேட்டது மனதுக்கு ஆறுதல். அவர் தந்தது கியருக்கு ஆறுதல்! ஆனாலும் என் அழுகை நின்றது. அதுதான் அற்புதம்.

பின்னால் இருந்த இரண்டு ஆட்டோக்காரரிடம் இறங்கிப் போய்க் கெஞ்சினேன். அவர்கள் எடுத்தார்கள். நானும் எடுத்தேன். சக்கரத்துக்குப் பக்கத்திலேயே குழந்தைகளின் கால்கள். கண்ணாடியைப் பார்த்து, கையைக் காட்டி, இஞ்ச் இஞ்சாக வந்தேன். என் பிள்ளையை விட்டுத் தூரப் போகிறேனே என்று நெஞ்சு பதறியது. ஆனாலும் ஒருவருக்கும் ஒரு கீறல்கூடப் படவில்லை.

இக்கரையில் ஓரமாக விட்டேன். மெசின் போனது. ஒரு லொறி போனது. அடுத்து வந்த, பேக்கரிப் பாண் விற்கிற வானில் இருந்து "அப்பா!" என்ற சத்தம். ஜெனி! மேரியின் மடியில், மூச்சுக்குத் தவித்தபடி. ஆஸ்பத்திரி வரை அந்தப் பாண் வானுக்கு முன்னால் வழி எடுத்துக்கொண்டு என் வானை ஓட்டினேன்.

பிள்ளை பிழைத்தாள். அன்றைக்கு ஜெபித்த எல்லாருக்கும் பிள்ளை திரும்பக் கிடைக்கவில்லை. எங்கள் ஒழுங்கையிலேயே, அந்தச் சின்னத் தெருவிலேயே, எத்தனை வீடு வெறுமையானது. ஏன் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தது போல நடிக்கவும் மாட்டேன்.

யுத்தமும் முடிந்தது. பாதைகள் திறந்தன, பக்கத்தில் அகலமான பாலம் வந்தது. இப்போது பஸ்களும் லொறிகளும் மோட்டார் சைக்கிள்களும் நெருக்கியடிக்கின்றன. முன்பென்றால் பதிலுக்கு நானும் ஏசியிருப்பேன். இப்போது ஹோர்ன் அடித்து நெருக்குகிறவனைக் கண்டால், இவனுக்கும் அக்கரையில் யாரோ இருக்கிறார்கள் என்று நினைத்து வழி விடுகிறேன்.

மேரி சொல்ல நினைத்தது இதுதான். ஆஸ்பத்திரியில் பிள்ளை கண் திறந்த பிறகு அவள் சொன்னாள்: "பாலத்தில எவனோ ஒரு மடையன் வானை விட்டு மறிச்சிட்டு நிண்டானாம். எல்லாரும் ஏசினாங்க. நான் மட்டும், ஆண்டவரே, அந்த மடையனுக்கு நல்ல புத்தியைக் குடும் எண்டு ஜெபிச்சன்."

அந்த மடையன் நான்தான் சபையாரே. பாலத்தில் கேட்கப்பட்டது என் ஜெபம் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

பாதை அடைத்து நிற்கும்போது ஆண்டவரை நம்புங்கள். மறித்துக்கொண்டு நிற்கிறவனுக்காகவும் ஒரு வார்த்தை ஜெபியுங்கள். அவன் உங்கள் வீட்டுக்காரனாகவும் இருக்கலாம்.