என் வீட்டு முகவரியில் ஒரு கால்நடை மருத்துவமனை

கோச்சடையில் நாங்கள் இருக்கும் வீட்டுக்கு இதுவரை ஒன்பது நாய்கள், நான்கு பூனைகள், ஒரு ஜோடி வாத்து, காது கிழிந்த ஒரு முயல், ஓர் ஆடு எல்லாம் வைத்தியத்துக்காக வந்து போயிருக்கின்றன. நான் மருத்துவன் இல்லை. சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கிறவன்.

முதலில் வந்தது ஒரு பொமரேனியன். காலை பத்தரை மணி இருக்கும். என் மனைவி பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். எட்டு மணிக்கே கிளம்பிப் போய்விடுவாள். மாடியறையில் நான் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தேன். அழைப்பு மணி விடாமல் அடித்தது. இறங்கிப் போய்ப் பார்த்தால் வாசலில் ஆட்டோ, அதிலிருந்து இறங்கி நின்ற ஒரு பெண்மணி, அவர் கையில் துண்டில் சுற்றிய நாய்.

"டாக்டர் இருக்காகளா?"

"எந்த டாக்டரும்மா?"

"நாய்க்குப் பாக்குற டாக்டரு."

"இங்க அப்படி யாரும் இல்லையேம்மா. இது வீடு."

அவர் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. அதன் மேல் கால்நடை மருத்துவமனை என்று எழுதியிருந்தது. புள்ளி சரியாக எங்கள் வீட்டு மாடிப்படி மேல் நின்றது. ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து, "கரெக்டாத்தாண்ணே காட்டுது" என்றார். ஏதோ நான்தான் தவறான இடத்தில் வீடு கட்டிவிட்ட மாதிரி.

அந்த வாரமே இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். என்ன நடந்தது என்று உட்கார்ந்து தேடினேன். கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. மதுரையில் ஒரே பெயரில் இரண்டு மூன்று குடியிருப்பு நகர்கள் இருக்கின்றன. எங்கள் நகரின் பெயரிலேயே ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆனையூரில் ஒன்று உண்டு. அங்கேயும் இரண்டாவது குறுக்குத் தெரு இருக்கிறது, அங்கேயும் பதினாலாம் எண் வீடு இருக்கிறது. அந்தப் பதினாலில்தான் மருத்துவமனை. யாரோ முகவரியைச் சரியாகவே தட்டச்சு செய்திருக்கிறார்கள். புள்ளியை வைத்த மென்பொருள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறது, என்னுடையதை.

நான் சாதாரணமாகத்தான் எடுத்துக்கொண்டேன். இதே தொழிலில் பதினாறு வருஷம் இருப்பவன். "திருத்தம் பரிந்துரைக்க" என்ற பொத்தானை அழுத்தி, சரியான இடத்தைக் காட்டி, இரண்டு வரி விளக்கமும் எழுதி அனுப்பினேன். நன்றி சொல்லி உடனே பதில் வந்தது. நான்கு நாள் கழித்து இன்னொரு பதில்: தங்கள் திருத்தத்தை எங்களால் உறுதிப்படுத்த இயலவில்லை.

சரி, ஆதாரம் கேட்கிறார்கள் போல என்று நினைத்து, வெளியே போய் நின்று எங்கள் வீட்டைப் படம் எடுத்தேன். பச்சைக் கதவு, கொடியில் காயும் போர்வை, சைக்கிள். இது குடியிருப்பு வீடு என்று எழுதிப் படத்தையும் சேர்த்து அனுப்பினேன். அந்தப் படத்தை மட்டும் ஏற்றுக்கொண்டார்கள். மறுநாளிலிருந்து மருத்துவமனையின் முகப்புப் படமாக என் வீடு வந்தது. அதுவரை தெருமுனையில் நின்று குழம்பியவர்கள்கூட இப்போது பச்சைக் கதவைப் பார்த்து நேராக உள்ளே வந்தார்கள்.

இரண்டாவது வாரம் யாரோ ஒரு நட்சத்திரம் போட்டு விமர்சனம் எழுதியிருந்தார்: "டாக்டர் கைலியோடு வந்து நிற்கிறார். நான் டாக்டரே இல்லை என்கிறார். மரியாதை இல்லை." என் மனைவி அதைப் பள்ளியில் எல்லா டீச்சருக்கும் காட்டிவிட்டு வந்தாள்.

என்னைத் தெரிந்தவர்கள் நான் ஏதோ எல்லாவற்றையும் போனிலேயே செய்கிறவன் என்று நினைக்கிறார்கள். எங்கள் வீட்டில் பேசினால் எரிகிற விளக்கு கிடையாது. கதவுக்குப் பூட்டு, பூட்டுக்குச் சாவி. முக்கியமான நம்பர்களை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். காலையில் நாகமலை வரைக்கும் சைக்கிள் மிதிப்பேன். அதற்கென்று ஒரு செயலி வைத்திருந்தேன். முதலில் தூரத்தை மட்டும் சொன்னது. பிறகு என்னைவிட வேகமாகப் போகிறவர்களின் பட்டியலைக் காட்டியது. பிறகு ஒருநாள் போகாவிட்டால் ஏன் போகவில்லை என்று கேட்டது. அழித்துவிட்டேன். சைக்கிள் அதே சைக்கிள்தான், நாகமலை அதே இடத்தில்தான் இருக்கிறது. சமையல்காரர்கள் ஹோட்டலில் சாப்பிடத் தயங்குவார்களாமே, அந்த மாதிரிதான் இது. உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும்.

என் வேலையையும் சொல்லிவிடுகிறேன். பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரு நிறுவனத்துக்கு, வாடிக்கையாளர் புகார் செய்யும் பக்கத்தை எழுதும் குழுவில் இருக்கிறேன். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று ஒரு பக்கம் வருமே, அந்த மாதிரிப் பக்கம் ஒன்றை நானே எழுதியிருக்கிறேன். மனிதரோடு பேச வேண்டும் என்று ஒருவர் கேட்டால், முதலில் நாலு கேள்வி கேட்டுவிட்டு, அதற்குப் பிறகும் அவர் பிடிவாதமாக இருந்தால் மட்டும் போன் நம்பரைக் காட்ட வேண்டும் என்பது எங்களுக்குக் கொடுத்த விதி. அதை நன்றாகவே எழுதினேன். பாராட்டும் கிடைத்தது.

மூன்றாவது மாதம் ஒரு சனிக்கிழமை ஆனையூருக்கே போய் அந்த டாக்டரைப் பார்த்தேன். என் வயதுதான் இருக்கும் அவருக்கு. மேஜை மேல் ஒரு பூனைக்கு ஊசி போட்டுக்கொண்டே பேசினார்.

"நீங்கதானா அந்த வீடு? சார், தப்பா நினைக்காதீங்க. நான் அதுல எதையும் போடல. யாரோ போட்டது. நம்பரும் என்னது இல்ல. முன்னாடி இங்க வேலை பாத்த ஒருத்தர் நம்பரு. அவர் திருப்பூர் போயிட்டாரு. அவருக்கும் போன் மேல போனாம், என்னையத் திட்டுறாரு."

இடத்துக்கு அவர் உரிமை கோரினால் திருத்த முடியும் என்று விளக்கினேன். அங்கேயே உட்கார்ந்து அவர் போனில் விண்ணப்பித்தோம். உரிமையாளர்தான் என்று நிரூபிக்க ஒரு ரகசிய எண்ணைத் தபாலில் அனுப்புவோம் என்றது. எந்த முகவரிக்கு? பதிவில் உள்ள முகவரிக்கு. அதாவது என் வீட்டுக்கு.

இருபது நாளில் தபால்காரர் கொண்டுவந்து கொடுத்தார். உறையைப் பிரித்து, டாக்டருக்குப் போன் செய்து எண்ணைச் சொன்னேன். அவர் அதைப் போட்டார். ஏற்றுக்கொண்டது. இரண்டு பேரும் போனிலேயே சிரித்தோம். ஆனால் தபால் போய்ச் சேர்ந்துவிட்டதால் மருத்துவமனை அந்த முகவரியில்தான் இருக்கிறது என்பது உறுதியாகிவிட்டது. புள்ளிக்குப் பக்கத்தில் சரிபார்க்கப்பட்டது என்று ஒரு நீல அடையாளமும் வந்தது. இனி இடத்தை மாற்ற வேண்டுமானால், கடையின் பெயர்ப் பலகையையும் தெருவையும் சேர்த்து வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும், பரிசீலனைக்குக் காலம் ஆகும் என்றது.

எனக்கு அதிகமாகக் கோபம் வந்தது எதனால் என்றால், ஒவ்வொரு விதியும் தனியாகப் பார்த்தால் சரி. போலிகளைத் தடுக்கத் தபால் அனுப்புவது சரி. தபால் போய்ச் சேர்ந்தால் முகவரி உண்மை என்று எடுத்துக்கொள்வதும் சரி. என்னிடம் கொடுத்திருந்தால் நானும் இப்படித்தான் எழுதியிருப்பேன்.

டாக்டர் வீடியோ எடுத்து அனுப்ப, நாங்கள் காத்திருந்த நாட்களில்தான் ஆடு வந்தது.

வெயில் ஏறிய நேரம். அன்றைக்கு நாங்கள் எழுதிய புதிய பக்கத்தை அந்தப் பார்சல் நிறுவனத்தாருக்குக் காட்டும் கூட்டம். பேச வேண்டியவன் நான். மணி அடிக்கவில்லை, கதவை உள்ளங்கையால் தட்டும் சத்தம் கேட்டது. மேலக்கால் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு கணவனும் மனைவியும் மொபெட்டில் வந்திருந்தார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த அந்த அம்மாவின் மடியில், சாக்கு விரித்து, நிறைசினை ஆடு. கண் செருகிக் கிடந்தது.

"டாக்டரய்யா, விடியக்காலையில இருந்து முக்குது. குட்டி வெளிய வர மாட்டேங்குது. கொஞ்சம் பாருங்கய்யா."

எத்தனை தடவை இதைச் சொல்லியிருப்பேன். நான் டாக்டர் இல்லை, இது வீடு, ஆஸ்பத்திரி ஆனையூரில் இருக்கிறது. அன்றைக்கும் சொன்னேன். அந்த மனிதர் என்னையும் கதவையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த அம்மா ஆட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"ஆனையூரு எம்புட்டுத் தூரம்யா?"

"ஆத்தத் தாண்டிப் போகணும். இந்த நேரத்துல முக்கா மணி நேரம் ஆகும்."

"வார வழியிலயே எங்க ஊருக்கிட்ட கவர்மெண்டு ஆஸ்பத்திரி ஒண்ணு இருந்துச்சு. போன்ல இதுக்குத்தான் நீல அடையாளம் போட்டிருந்துச்சு, நல்ல ஆஸ்பத்திரின்னு இங்க வந்தோம்."

மாடியில் கூட்டம் தொடங்கியிருந்தது. மடிக்கணினியைத் திறந்தபடியே விட்டுவிட்டுக் கார்ச் சாவியை எடுத்தேன். பின் சீட்டில் சாக்கைப் போட்டு ஆட்டைக் கிடத்தினோம். அந்த அம்மா அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டார். அவர் கணவர் மொபெட்டில் பின்னால் வந்தார். பாலத்தில் வண்டிகள் நகரவே இல்லை. ஆடு இரண்டு தடவை கத்தியது, பிறகு கத்துவதை நிறுத்திவிட்டது. கண்ணாடியில் பார்த்தேன். அந்த அம்மா அதன் காதோடு குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் டாக்டருக்குப் போன் செய்து சொல்லியிருந்ததால் வாசலிலேயே கையுறை போட்டுக்கொண்டு நின்றார்.

உள்ளே இரண்டு குட்டிகள் இருந்தன. தலை திரும்பிப்போய் அடைத்துக் கிடந்திருக்கிறது முதல் குட்டி. அரை மணி நேரம் போராடி டாக்டர் இரண்டையும் வெளியே எடுத்தார். இரண்டுமே இறந்திருந்தன. தாய் பிழைத்துவிட்டது.

"ஒரு மணி நேரம் முன்னாடி வந்திருந்தா ஒண்ணையாவது எடுத்திருப்பேன்" என்று டாக்டர் கை கழுவிக்கொண்டே என்னிடம் மெதுவாகச் சொன்னார். மெதுவாகச் சொன்னாலும் அந்த மனிதர் காதில் விழுந்துவிட்டது.

அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எனக்குப் போன் பாக்கத் தெரியல சார். ஏதோ மாத்தி அமுக்கிட்டேன் போல" என்றார். நான் இல்லை என்றேன், உங்கள் மேல் தப்பு இல்லை, அது தப்பாகக் காட்டியது என்றேன். அவர் நம்பவில்லை. அவ்வளவு பெரிய கம்பெனிக்காரன் தப்பாகப் போடுவானா என்று கேட்டார். அந்த அம்மா குட்டிகளைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது மணி இரண்டு. கூட்டத்தை வேறொருவர் நடத்தி முடித்திருந்தார். பெங்களூரில் இருக்கும் என் மேலாளர் கூப்பிட்டார். என்னைவிட ஆறேழு வயது இளையவர், தேனிக்காரர். ஆட்டைக் கொண்டுபோனேன் என்றதும் சிரித்தார். முழுவதும் சொன்னதும் சிரிப்பை நிறுத்தினார். அந்தச் சூட்டிலேயே கேட்டேன்.

"நம்ம பக்கத்துல அந்த நாலு கேள்வியை எடுத்துட்டு, போன் நம்பரை மேலேயே போட்ருவோம்."

"அண்ணே, நீங்க சொல்றது எனக்குப் புரியுது. ஆனா கால் எல்லாம் குவிஞ்சிரும். எடுக்க ஆள் இல்ல."

"ஆள் போடச் சொல்லுங்க."

"ஆளே வேணாம்னுதானே நம்மளக் கூப்பிட்டு இந்தப் பக்கத்தையே எழுதச் சொன்னாங்க?"

அப்படியும் இரண்டு வாரம் நச்சரித்ததில், நாலு கேள்வியை மூன்றாகக் குறைக்க ஒப்புக்கொண்டார்கள். பக்கத்தின் அடியில், சாம்பல் நிறத்தில், சின்ன எழுத்தில் நம்பர் போடவும் அனுமதி கிடைத்தது. அதற்குக்கூட மூன்று கூட்டம் நடந்தது. நான் அந்தச் சாம்பல் நிறத்தை ஒருபடி கருப்பாக்கினேன். யாரும் கவனிக்கவில்லை. பதினாறு வருஷத்தில் வாடிக்கையாளருக்காக நான் துணிந்து செய்த காரியம் இதுதான் என்று நினைக்கும்போது வெட்கமாக இருக்கிறது.

ஏழாவது மாதம் ஒருநாள் பார்த்தால் எங்கள் வீட்டு மேல் புள்ளி இல்லை. யாரும் அறிவிக்கவில்லை. நாலைந்து நாள் யாரும் வராமல் நிம்மதியாக இருந்தது. டாக்டருக்குச் சொல்லலாம் என்று போன் செய்தேன்.

"எங்க சார் வந்துச்சு? இங்க வரல. நல்லாப் பாருங்க" என்றார்.

பார்த்தேன். புள்ளி ஆற்றைத் தாண்டித்தான் போயிருந்தது, ஆனையூருக்கும் போயிருந்தது. ஆனால் இரண்டாவது குறுக்குத் தெருவுக்குப் பதிலாக மூன்றாவது தெருவில் ஒரு வீட்டின் மேல் போய் நின்றது. அன்றைக்குச் சாயங்காலமே அந்த வீட்டைத் தேடிப் போனேன். ஓய்வுபெற்ற தபால் அலுவலக ஊழியர் ஒருவரின் வீடு அது. கதவைத் திறந்தவர் என் கைகளைத்தான் முதலில் பார்த்தார். வெறுங்கையோடு நான் நிற்பதைப் பார்த்து அவருக்கு ஓர் ஆறுதல்.

"நல்லவேளை. நேத்து ஒருத்தன் கன்னுக்குட்டியோட வந்துட்டான் தம்பி. இவன் கிறுக்கனா, நாம கிறுக்கனான்னு தெரியல."

நடந்ததை எல்லாம் சொன்னேன். உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தார். ஆஸ்பத்திரி அடுத்த தெருதான் என்றதும், "இம்புட்டுப் பக்கத்துல இருந்துக்கிட்டு எனக்கே தெரியலையே" என்றார். பிறகு நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

"அட, கம்ப்யூட்டர் ஆளா? அப்புறம் என்ன, நீங்களே சரி பண்ணிர வேண்டியதுதான?"

போனை எடுத்து என்னிடம் நீட்டினார். எழுத்தெல்லாம் பெரிதாக வைத்திருந்த போன். அதை வாங்கி, திருத்தம் பரிந்துரைக்க என்ற பொத்தானைத் தேடி அழுத்தினேன். உங்கள் பெயர் என்ன என்று கேட்டது. அவரிடம் கேட்டுக் கேட்டு நிரப்ப ஆரம்பித்தேன்.