கதவோரக் குமிழி

அறுபதுகளின் கடைசியில், மத்திகிரியிலிருந்து மாநில எல்லை தாண்டி ஒரு சிறிய விமானப் பட்டறைக்கு வேலைக்குப் போய்வந்தேன். உயரத்தில் காற்று மெலிந்துவிடும் என்பதால், விமானத்துக்குள் காற்றை அடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அது கசிகிறதா என்று தரையிலேயே காற்றடைத்து, கதவைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்ப்போம்.

அன்று மூலையில் ஒரே ஒரு குமிழி வந்தது. ஓசூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கட்டைவிரலால் துடைத்துவிட்டு, கசிவு இல்லை என்று கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் மேலே போனதும் கதவு ரப்பர் கிழிந்தது. பிராணவாயு முகமூடி மாட்டிக்கொண்ட துணை விமானிதான் விமானத்தை இறக்கினார். மாட்டாத விமானி உதடு நீலம் பாரித்து, சிரித்தபடியே இறங்கிவந்து என் கையைப் பிடித்தார்.

"ஒண்ணும் ஆகலப்பா. மேல ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு." பிராணவாயு குறைந்தால் நினைவு தப்புவதற்கு முன் அப்படித்தான் இருக்குமாம்.

விசாரணையில் ரப்பர் பழசு என்று எழுதி முடித்தார்கள். நான் வாய் திறக்கவில்லை. இன்றும் கை கழுவும்போது கட்டைவிரலில் குமிழி நின்றால், அது தானாக உடையும்வரை காத்திருக்கிறேன்.