நான் நேராக்கிய பாட்டு

1

புக்கிட் பெலண்டோக்கிலிருந்து லுக்குட்டுக்குப் போகும் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை, நண்பகல். தோளில் என் லேப்டாப் பை, கையில் ஸ்டெல்லா கட்டிக் கொடுத்த சோற்றுப் பொட்டலம். திரும்பிப் பார்த்தால் செம்பனை வரிசைகளுக்கு அப்பால் எஸ்டேட் தேவாலயத்தின் தகரக் கூரை இன்னும் தெரிந்தது. பொட்டலம் சூடாக இருந்தது. என்னைத் திட்டி அனுப்பியிருந்தால் நடப்பது சுலபமாக இருந்திருக்கும்.

நான் படிவம் இரண்டோடு, அதாவது எட்டாம் வகுப்போடு, பள்ளியை விட்டவன். கல்யாணங்களில் ஸ்பீக்கர் தூக்கினேன். ஒரு மெல்லிசைக் குழுவோடு சுற்றியபோது நோட்டேஷன் என்கிற இசைக்குறிப்பைப் படிக்கக் கற்றேன். பிறகு, நோட்டேஷன் எழுதும் சாஃப்ட்வேரில் யாருக்குச் சிக்கல் என்றாலும் பஸ் ஏறிப் போய்ச் சரிசெய்வது என் பிழைப்பானது. எழுதியதை வாசித்துக்காட்டும் பிளேபேக்கில் சத்தம் வராது, ஒரு கருவி மட்டும் ஊமையாகிவிடும், அச்சடித்தால் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். பெரும்பாலும் இவைதான். இதே வேலைக்கு வரும் இளையவர்கள் நான் செய்ததைச் செய்யக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

2

ஸ்டெல்லா அழைத்தது வெள்ளிக்கிழமை. அவளுடைய அப்பா சூசை இறந்து ஒரு மாதம். ஞாயிறு முப்பதாம் நாள் பூசை. சூசை கட்டிய ஒரே பாட்டை அவர் மனைவி தெரேசம்மா அன்று தனியாகப் பாட வேண்டும். பாட்டு இருக்கும் அவருடைய லேப்டாப்பில் சத்தம் வரவில்லை.

சூசைக்கு வலது கையில் மூன்று விரல்தான். மற்ற இரண்டும் எண்ணெய் ஆலையில் போய்விட்டன. கீபோர்டு வாசிக்க முடியாதவர் மவுஸைப் பிடித்து ஒவ்வொரு சுரமாகத் திரையில் வைத்திருக்கிறார். அவர் உயிரோடிருந்தபோதும் தேவாலயத்தில் வாசித்தது அந்த பிளேபேக்தான்.

சனிக்கிழமை காலை போனேன். சாஃப்ட்வேர் அப்டேட் ஆனதில் ஒலிகள் இருக்கும் கோப்பு வேறு ஃபோல்டருக்குப் போயிருந்தது. இடத்தைக் காட்டினேன். ஆர்கன் சத்தம் வந்தது. பத்து நிமிட வேலை. அதோடு எழுந்திருக்க வேண்டும்.

முழுப் பாட்டையும் ஓடவிட்டேன். பன்னிரண்டாவது பாரில் இசை தடுக்கி நின்று, பிறகு போனது. இரண்டு கோடுகளுக்கு நடுவே உள்ள கட்டம்தான் பார். இந்தப் பாட்டில் பாருக்கு நான்கு பீட். அந்தப் பாரில் ஐந்து. இன்னும் தள்ளி ஓரிடத்தில் ஆறு, கடைசிச் சரணத்தில் ஏழு. கூடுதலாக இருந்த பீட்டெல்லாம் மௌனம். பாருக்கு எத்தனை பீட் என்று காட்டும் டைம் சிக்னேச்சர்களைச் சூசை மறைத்து வைத்திருந்தார். தப்பாகப் போட்டுவிட்டுத் திருத்தத் தெரியாமல் மறைத்திருக்கிறார் என்று எண்ணிக்கொண்டேன். யாரும் கேட்காமலே எல்லாவற்றையும் நான்காக்கினேன். ஒவ்வொன்றுக்கும் சேவ், சேவ் என்று தட்டினேன்.

"கிளினிக்குக்குப் போன அம்மா இப்ப வந்துருவாங்க. ஒரு தடவ போட்டுக் காட்டிட்டுப் போங்களேன் அங்கிள்" என்றாள் ஸ்டெல்லா.

"பஸ்ஸு போயிரும்மா. இனி மெஷின் கரெக்டா ஓடும்லா. அம்மாவ அது பின்னாலயே பாடச் சொல்லு."

அடுத்த பஸ்ஸும் இருந்தது. என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது, அவ்வளவுதான்.

3

சாப்பிட வரச் சொல்லியிருந்தார்கள் என்று ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் போனேன். தெரேசம்மா முன்னால் நின்றார். முதல் பதினொரு பார் நன்றாகப் போனது. பன்னிரண்டில் அவர் நின்றார். மெஷின் நிற்கவில்லை. அவர் ஓடிப் பிடித்தார். இரண்டாம் சரணத்தில் பாதி வரி போய்விட்டது. கடைசிச் சரணத்தில் வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. ஆர்கன் தன்பாட்டுக்கு அழகாக முடித்தது.

"மெஷினுக்குப் பஸ்ஸு போயிரும்போல" என்று எனக்குப் பக்கத்து பெஞ்சில் ஒருவர் முணுமுணுத்தார். அவருக்கு என்னைத் தெரியாது.

பூசைக்குப் பிறகு ஸ்டெல்லா என்னிடம் வந்தாள். "நடுவுல நிப்பாட்டி நிப்பாட்டி வரும்ல அங்கிள், அது எங்க?"

"அதெல்லாம் தப்பும்மா. சரி பண்ணிட்டேன்."

தெரேசம்மா நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். எஸ்டேட்டில் இருபது வருடம் களைமருந்து அடித்து மூச்சு கெட்டவர் என்று அப்போதுதான் தெரிந்தது.

"தப்பு இல்ல தம்பி. சனிக்கெழம ஆனா என்னப் பாடச் சொல்லிட்டுப் பக்கத்துல ஒக்காந்துக்குவாரு. நான் மூச்சு எடுக்கற எடத்துல வெரல மடக்கி எண்ணுவாரு. மொதல்ல ஒரு வெரலுதான். எனக்கு முடியாமப் போகப் போக, கடேசி வரிக்கு மூணு. இருக்கற வெரலு அம்புட்டுத்தான், இனிமே மூச்சு வேணும்னா எடது கையக் கடன் வாங்கணும்டீன்னு சிரிப்பாரு."

சூசையின் லேப்டாப்பைத் திறந்தேன். ஒரு கோப்பைச் சேவ் செய்யும்போது முந்தியதை அந்த சாஃப்ட்வேர் பேக்கப்பாக வைத்துக்கொள்ளும், ஒரே ஒன்று மட்டும். நான் பத்துப் பன்னிரண்டு முறை சேவ் செய்திருந்தேன். பேக்கப்பிலும் என் பாட்டுதான் இருந்தது. சூசை எதையும் அச்சடித்து வைத்திருக்கவில்லை. மூன்று இடம் எனக்கு நினைவிருந்தது. வேறு எங்கெங்கே கை வைத்தேன் என்பது நினைவில்லை.

"நீங்க பாடுங்கக்கா. நான் எண்ணித் திரும்பப் போட்டுத் தர்றேன்."

"நீ போட்டுருவ தம்பி. அது நீ எண்ணுனதாத்தானே இருக்கும்?"

ஸ்டெல்லா லேப்டாப்பை மூடினாள். "தம்பி சாப்புடாமப் போவுது பாரு" என்று தெரேசம்மா சொன்ன பிறகுதான் பொட்டலம் கட்ட எழுந்தாள்.

4

அடுத்தவர் கோப்பைத் திறந்தால், எதையும் தொடுமுன் வேறு பெயரில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். இதை எந்தப் பயிற்சியிலும் சொல்வார்கள். யாருக்காக எழுதினார்களோ அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒருமுறை ஓடவிட வேண்டும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. ஸ்டெல்லாதான் சொன்னாள். நான் கேட்கவில்லை.

அன்றிரவு பஸ் ஏறிப் போய் தம்பின் என்ற ஊரில் தங்கினேன். மறுநாள் காலை அங்கே ஒரு டயர் கடையில் ஆள் கேட்டார்கள்.

"கம்ப்யூட்டர் தெரியுமா? பில் போடணும்" என்றார் முதலாளி.

"தெரியாதுங்க."

"அப்ப டயரப் பாரு."

முதலில் வந்தது ஒரு செம்பனை லோரி. பின்னால் இடதுபக்க டயரில் மட்டும் காற்று குறைவு. குழாயைக் கையில் வைத்துக்கொண்டு டிரைவரிடம் போனேன்.

"இது ஏண்ணே கொறைச்சலா இருக்கு? வேணும்னே வெச்சிருக்கீங்களா?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "காத்து எறங்கிருச்சுய்யா. அதுக்குத்தானே வந்திருக்கேன்? அடி."

அடித்தேன்.