நான் மூடித் தைத்த களிசான்

எங்கள் அப்பாவுக்கு வேலை எடுத்துக் கொடுத்தது நான்தான் என்று பல வருடங்கள் நம்பிக்கொண்டிருந்தேன். நம்பியதோடு விட்டேனா? பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லியும் திரிந்தேன். ஐந்தாம் ஆண்டு படிக்கும்போதே தகப்பனுக்கு வேலை எடுத்துக் கொடுத்த ஒரே ஆள் நான்தான் என்று ஒரு நினைப்பு.

சண்டை முடிந்து மீளக்குடியேறி, தர்மபுரத்தில் தகரக் கொட்டிலில் இருந்த காலம். அப்பாவுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. ஷெல் கொண்டுபோனது. பதிலுக்குக் கிடைத்த பொய்க்காலை அவர் 'மற்றவர்' என்றுதான் சொல்வார். "பிள்ளை, மற்றவரைக் கொண்டா" என்றால் மூலையில் சாத்தியிருக்கும் காலைத் தூக்கிக்கொண்டு நான் ஓடுவேன். மற்றவருக்கு ஒரு கெட்ட குணம். இரண்டு மணித்தியாலம் பூட்டியிருந்தால் கடிக்கத் தொடங்கிவிடுவார். அவரைக் கழற்றிக் கொஞ்சம் ஆறவிட்டுத் திரும்பப் பூட்ட வேண்டும். இடுப்பில் சாரம் கட்டியிருந்தால் தூக்கிவிட்டால் போதும், அது ஒரு வேலையே இல்லை.

அப்போதுதான் கிளிநொச்சியில் ஒரு நெல் களஞ்சியத்தில் காப்பாளர் வேலைக்கு நேர்முகப் பரீட்சை என்று கடிதம் வந்தது. நின்று செய்கிற வேலை. சாரத்தோடு போனால் நடக்க நடக்கப் பொய்க்கால் தெரியும். கண்டவுடன் அனுதாபத்தோடு ஒரு கதிரையில் இருத்தி, அதே அனுதாபத்தோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அப்பா பயந்தார். மூன்று வருடம் வேலையில்லாமல் வீட்டில் இருந்த மனுசன். "அவை என்ர காலைப் பார்க்கக் கூடாது. என்னைப் பார்க்கவேணும்" என்றார். அதற்குக் கால் முழுக்க மூடுகிற ஒரு நீளக் களிசான் தேவைப்பட்டது.

கடையில் விற்கிற களிசான் மற்றவருக்குச் சரிவராது. அம்மாவின் தையல் மெஷின் இடப்பெயர்வில் எங்கேயோ நின்றுவிட்டது. அம்மா களிசான் தைத்ததும் இல்லை. பரந்தனில் இருந்த தம்பியிடம், அதாவது என் மாமாவிடம், ஒரு களிசானை இரவல் வாங்கி, பாயில் இருந்து அதைத் தையல் தையலாகப் பிரித்தார். ஒவ்வொரு துண்டையும் பேப்பரில் வைத்துக் கீறி, சாம்பல் நிறத் துணியில் சவர்க்காரத் துண்டால் அடையாளம் போட்டார். மாமா வந்து பார்த்துத் தலையில் கை வைத்தார்.

"அக்கா, அளவு எடுக்கத்தானே தந்தனான்! போஸ்ட்மோர்ட்டம் செய்து வைச்சிருக்கிறியள்."

"சத்தம் போடாதை. திரும்பப் பொருத்தித் தருவன்."

"பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காகாட்டிச் சரி."

குரங்காகவில்லை. விரலில் சைக்கிள் ரியூப் துண்டொன்றை மாட்டிக்கொண்டு, ஒன்பது நாள், கையாலேயே பின் தையல் போட்டு முடித்தார். இரண்டு ஊசி முறிந்தது. சிரட்டைக்கரி இஸ்திரிப் பெட்டியால் அழுத்தி மடிப்பு வைத்தபோது அப்பா அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

எனக்குத்தான் அதில் குறை தெரிந்தது. இடது கால் வலதை விட அகலம். போதாததற்கு அதன் வெளிப்பக்கம் முழங்காலிலிருந்து கீழே தைக்கப்படாமல் ஆவென்று கிடந்தது. நாலு கொழுக்கிகள் மட்டும் மாட்டியிருந்தன. பாவம் அம்மா, களைப்பில் மறந்துவிட்டார், நேரமில்லாமல் கொழுக்கி போட்டுச் சமாளித்திருக்கிறார் என்று நானே முடிவு கட்டினேன். அந்தத் தவணைதான் பள்ளிக்கூடத்தில் பின் தையல் படிப்பித்து, ரீச்சர் என் துணியைத் தூக்கி வகுப்புக்குக் காட்டியிருந்தார். தலைக்கனத்துக்குக் கேட்கவா வேண்டும்? நேர்முகப் பரீட்சைக்கு முதல்நாள் அம்மா தோட்டத்தில் கச்சான் கடலை பிடுங்கப் போன நேரம், கொழுக்கிகளை வெட்டி எறிந்துவிட்டு, இரட்டை நூல் கோத்து, திறப்பை மேலிருந்து கீழ்வரை மூடித் தைத்தேன். விரலில் மூன்று இடத்தில் இரத்தம். மடித்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

விடிய, பஸ்ஸுக்கு அரை மணித்தியாலம் இருக்கும்போது அம்மா களிசானை விரித்தார்.

"ஐயோ! ஆர் இதை மூடினது?"

"நான்தான்! நீங்கள் மறந்து போனியள் அம்மா. இரட்டை நூல், இழுத்தாலும் விடாது!"

சிரிப்பில் என் வாய் காதுவரை போயிருந்தது. அம்மாவின் கை அடிக்க ஓங்கியது. பிறகு தையலை வெட்டப் பிளேட்டைத் தேடி எடுத்தது. அப்பா என் முகத்தையும் தையலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பிளேட்டை வையும்."

"உங்களுக்கென்ன விசரே? திறப்பு இல்லாமல் பரந்தனிலை இறங்கி மற்றவரைக் கழட்டி ஆறவிடுறது எப்பிடி?"

"ஒரு நாள்தானே, பல்லைக் கடிச்சுக்கொண்டு நிண்டால் போச்சு. பாரும், உம்மை விட நேராத் தைச்சிருக்கிறாள்."

அவ்வளவு பேச்சிலும் என் காதில் விழுந்தது அந்தக் கடைசி வசனம் மட்டும்தான்.

அப்பா மற்றவரைக் கழற்றி, முதலில் அவரைக் களிசானுக்குள் விட்டு, சப்பாத்தும் போட்டுவிட்டார். ஆளில்லாத களிசான் ஒற்றைக் காலில் தனியாக நின்றது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன், அப்பாவும் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. பிறகு அதற்குள் தன்னைப் பொருத்திக்கொண்டு எழும்பி, துணைக்கு வந்த மாமாவோடு ஒழுங்கை முடியும்வரை மடிப்புக் குலையாமல் நடந்து போனார். என் அப்பா அவ்வளவு உயரமான ஆள் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

பின்னேரம் படலையில் வைத்தே மாமா கத்தினார். "வாற முதலாந் திகதி வரட்டாம்! அத்தானுக்குக் கதிரை போட்டவை, இருக்கேல்லையே மனுசன். களஞ்சியம் முழுக்கச் சுத்தி நடந்து காட்டினவர்."

அப்பாவின் முகம் வெளிறி, வியர்த்து வழிந்தது. என்னைக் கூப்பிட்டுத் தையலைக் காட்டினார். "பார், ஒண்டும் விடேல்லை."

அம்மா சுடுதண்ணியில் உப்புப் போட்டுக்கொண்டு, அவரை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். நான் பக்கத்து வீட்டுக்குச் செய்தி சொல்ல ஓடிவிட்டேன்.

இப்போது கல்வீடு கட்டியாகிவிட்டது. அப்பா இன்றைக்கும் அந்தக் களஞ்சியத்துக்குத்தான் போய்வருகிறார். போன கிழமை அலுமாரியை ஒதுக்கும்போது அடியில் அந்தச் சாம்பல் களிசான் அகப்பட்டது. என் தையலைத் தேடினேன். நேராம் நேர்! வயல் வரம்பு மாதிரி நெளிந்து போகிறது. ஆனால் ஒரு நூல்கூடப் பிரிக்கப்படவில்லை. காலைத் திருப்பினேன். உட்பக்கத்தில், முழங்காலிலிருந்து கீழே புதிதாக ஒரு திறப்பு, ஓரம் மடித்து அம்மாவின் சின்னச் சின்னத் தையல், நாலு கொழுக்கி.

குசினிக்குக் கொண்டு ஓடினேன். அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

"அடுத்த நாள் நீ பள்ளிக்கூடம் போன நேரம் செய்தனான்" என்றார். "உன்ர பக்கத்தைத் தொடக்கூடாது எண்டு கொப்பர் ஒரே பிடி."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொல்லியிருப்பன். நீதானே ஊரெல்லாம் அப்பாவுக்கு வேலை வேண்டிக் குடுத்தனான் எண்டு துள்ளித் திரிஞ்சனி. அதைக் கெடுக்க எனக்கும் மனம் வரேல்லை."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சாத்திய கதவுக்குள் அந்தச் சுடுதண்ணி எதற்கென்று நான் அன்றைக்குக் கேட்கவேயில்லை. கேட்டிருந்தால், அப்பாவுக்கு வேலை கிடைத்த அந்த ஒரு நல்ல நாளில் நான் அழுதிருப்பேன்.