வசந்தா படித்த ‘நிலத்தடி நகரம்’

நூலகர் வேலை என்றால் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து நாள் முழுக்கப் படித்துக்கொண்டிருக்கலாம் என்று எனக்குப் பெண் கொடுத்தவர்களே நம்பினார்கள். முத்திரை குத்துகிறவனுக்குத்தான் புத்தகத்தைப் பிரிக்க நேரமே இருக்காது என்பது இந்த வேலையில் மாட்டிக்கொண்ட உங்களுக்குத் தெரியும். எண்பதுகளில் பாப்பாரப்பட்டிப் பக்கம் ஒரு கிளை நூலகத்தில் இருந்தேன். அங்கே ஒரே ஒரு நாவல் என்னை ஒரு வருஷம் படுத்திய பாட்டைச் சொல்கிறேன்.

அலமாரி மாறிப் போச்சு

புதுப் புத்தகக் கட்டில் ‘நிலத்தடி நகரம்’ என்று ஒன்று வந்தது. முதுகில் ‘நிலத்தடி’ என்பதை மட்டும் பார்த்துவிட்டு, விவசாய அலமாரியில் செருகிவிட்டேன். மறுநாளே மாதையன் எடுத்துப் போனார். நாலு ஏக்கர்க்காரர். கிணறு வற்றிப் போய், போர் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த நேரம்.

நாலாம் நாள் புத்தகத்தை மேஜைமேல் வைத்தார். முகத்தில் கோபமில்லை, வருத்தம்தான். “பத்துப் பக்கம் பொரட்டிட்டேனுங்க. பூமிக்கடியில ஊரே கட்டியிருக்கானுங்க. எத்தனை அடியில தண்ணின்னு மட்டும் ஒரு எடத்துலயும் சொல்லலீங்களே!”

மெஷின் எதற்கு?

அன்று சாயங்காலமே அவர் மகள் வசந்தா ஓடிவந்தாள். பத்தாம் வகுப்பு. “சார், எங்கப்பா திருப்பிக் குடுத்த புக்கு இருக்குங்களா? பாதிதான் படிச்சேன்” என்று மூச்சு வாங்கினாள். அப்பா கார்டிலேயே எழுதிக் கொடுத்தேன். இரண்டே நாளில் திரும்ப வந்தாள்.

கதை என்ன என்று கேட்டேன். இருநூறு வருஷத்துக்கு அப்புறம் நடக்கிற கதையாம். சனங்களெல்லாம் பூமிக்கடியில் வாழ்கிறார்கள். பதினைந்து வயது ஆனால் ஒரு மெஷின் சீட்டு துப்பும். நீ படி, நீ துணி துவை, நீ சுரங்கம் தோண்டு என்று அதில் இருப்பதுதான் சட்டம். ஒரு பெண் மட்டும் சீட்டைக் கிழித்துப் போடுகிறாள். “படிக்கப் பயமா இல்லையாம்மா?” என்றேன்.

“பயமென்னங்க சார்? பத்தாவதோட போதும்னு எனக்கும் முடிவு பண்ணியாச்சு. எங்க வூட்ல அதுக்கு மெஷினெல்லாம் வேண்டியதில்லீங்க, எங்க அத்தையே போதும்.”

மாதையன் மறுபடியும் வந்தார்

அடுத்த வாரம் மாதையன் வந்து நின்ற தோரணையே சரியில்லை. “என்ன புஸ்தகமுங்க குடுத்தீங்க? சோறு போடறப்ப எங்கக்காகிட்ட, ‘அத்தை, எனக்கு வந்த சீட்டைக் காட்டுங்க’ங்குது. அக்கா மூணு நாளா எங்கூடப் பேசறதில்ல. கார்டை வெட்டி வுடுங்க!”

கார்டை வெட்டினால் மேலதிகாரிக்குக் காரணம் எழுத வேண்டும். ‘உறுப்பினரின் மகள் கேள்வி கேட்டாள்’ என்றா எழுதுவது? “நீங்களே ஒரு தடவை முழுசாப் படிச்சுட்டுச் சொல்லுங்க, வெட்டிடலாம்” என்று நைசாகப் பேசி உட்கார வைத்தேன். அரை மணியில் சலித்துப்போய் எழுந்துவிடுவார் என்பது என் கணக்கு. மனுஷர் வரிக்கு வரி விரல் வைத்து, வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு, மூன்று மத்தியானம் வந்து படித்தார். நடுவில் ஒருதரம் பெருமூச்சு விட்டதில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மூன்றாம் நாள் புத்தகத்தை மூடி என் மேஜைமேல் வைத்தார். கார்டு பேச்சையே எடுக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். “மெஷினு இரும்புங்க, அதுக்கு என்ன தெரியும்? சீட்டு வந்தப்ப பக்கத்துலயே நின்னானே அந்தப் புள்ளையோட அப்பன், அவனுக்கு வாயில்லைங்களா?”

பதிவேட்டில் எழுதியது

அந்த ஜூனில் வசந்தா தர்மபுரியில் பிளஸ் ஒன் சேர்ந்து, தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டே போய்வந்தாள். அக்காவிடம் மாதையன் என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. அக்கா கோபித்துக்கொண்டு பத்து நாள் மகன் வீட்டுக்குப் போய்விட்டார் என்பது மட்டும் காதில் விழுந்தது.

ஒரு சனிக்கிழமை வசந்தா தனக்கென்று கார்டு கேட்டு வந்தாள். வாசகர் கருத்துப் பதிவேட்டை அவள் முன்னால் தள்ளினேன். அதுவரை அதில் இருந்ததெல்லாம் ‘ஃபேன் ஓடவில்லை’, ‘வார இதழில் தொடர்கதையைக் கிழிக்கிறார்கள்’ என்ற இரண்டே கருத்துதான். “அந்த நாவலைப் பத்தி எழுதும்மா” என்றேன். பேனாவைக் கடித்து, யோசித்து, குண்டு குண்டாக எழுதினாள். பின்னால் ஆய்வுக்கு வந்த அதிகாரி அதை இரண்டு தடவை படித்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார்:

“கதை நன்று. முடிவு மோசம். அந்தப் பெண் தப்பித்து மேலே வந்து சூரியனைப் பார்த்துச் சிரிப்பதோடு முடித்துவிட்டார்கள். அதற்கப்புறம் எந்த பஸ் ஏறினாள், உட்கார இடம் கிடைத்ததா என்று எதுவுமே எழுதவில்லை.”

புத்தகம் போகும் தேதி, வரும் தேதி இரண்டையும் ஒரு நாள் பிசகாமல் எழுதிவைத்தேன். நடுவில் அது போன வீட்டில் என்னவெல்லாம் செய்தது என்று எழுதத்தான் எங்கள் பதிவேட்டில் கட்டம் போட்டுக் கொடுக்கவில்லை.