குறையாத பட்டைகள்

லேத் பட்டறைக்காரருக்கு மனைவியோடு சண்டை போட ஒரே விஷயம்தான் இருந்தது: கரண்ட். அவள் கை சுவிட்ச் போர்டுப் பக்கம் போனாலே, "உங்கப்பன் வீட்டுக் கரண்டா?" என்று இரைவார். அவள் எதிர்த்துப் பேசமாட்டாள். சிரித்துவிட்டுப் போய்விடுவாள்.

சண்டை ஓயட்டும் என்று மகள்தான் வீட்டு மீட்டரைத் தன் போனோடு இணைத்து வைத்தாள். அதற்கு அடுத்த வருஷமே அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள்.

இன்று வந்த மகள் போனை நீட்டினாள். திரையில் கரண்ட் செலவு, மாதத்துக்கு ஒரு பட்டையாக. அம்மா இருந்த மாதங்கள் பச்சை, இல்லாத மாதங்கள் சிவப்பு. சிவப்பெல்லாம் பச்சையைவிட உயரமாக நின்றன.

"ஒரு ஆள் கொறஞ்சா பட்டை எறங்கணும்லப்பா? மீட்டர்ல ஏதோ கோளாறு."

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தவரின் கண் வீட்டைச் சுற்றியது. குளியலறையில் விளக்கு எரிந்தது. காலிக் கட்டிலுக்கு மேல் ஃபேன் சுழன்றது. டிவி யாருக்கோ பேசிக்கொண்டிருந்தது. பட்டறையில் ஒரு மிஷினை ஓடவிட்டு அடுத்த மிஷினுக்குப் போய்ப் பழகிய மனுஷன், வீட்டிலும் அப்படியேதான் இருந்திருக்கிறார். பின்னாலேயே வந்து ஒருத்தி ஒவ்வொன்றாக அணைத்திருக்கிறாள். இவர் திரும்பும்போது கண்ணில் பட்டது சுவிட்சின் மேல் இருந்த அவள் கை மட்டும்தான்.

"மீட்டர் சரியாத்தாம்மா இருக்கு."

எழுந்து போய்க் குளியலறை சுவிட்சில் கை வைத்தவர், அப்படியே கொஞ்சம் நின்றார்.

யாரும் இரையவில்லை.