ஜனவரி ஒன்றில் பிறந்த பிள்ளைகள்

கடைக்குள் போகும்போது பதின்மூன்று வயது, வெளியே வரும்போது முப்பத்தாறு. அரவேணுவில் சரிதாவின் செல்போன் கடையைப் பற்றிக் கோத்தகிரி பஸ்ஸில் காதில் விழுந்த வதந்தி இது. எனக்குத் தேவை இதற்கு நேர்மாறான வசதி என்றாலும், விசாரிக்கப் போனேன்.

வதந்தி பொய்யில்லை. தேயிலை எஸ்டேட் பிள்ளைகள் சமூக வலைதளக் கணக்குத் தொடங்கப் போனை நீட்டினால், திரையில் ஓடும் வருடங்களைச் சரிதா கட்டைவிரலால் ஒரே தள்ளு தள்ளுவாள். தொண்ணூறில் போய் நிற்கும். தேதியையும் மாதத்தையும் தொடவே மாட்டாள். அப்படி இந்தச் சரிவில் நாற்பது பிள்ளைகள் 1990 ஜனவரி ஒன்றாம் தேதி பிறந்திருக்கிறார்கள்.

"ஏனுங்க, எனக்கே பொறந்த நாளு ஹெட்மாஸ்டர் போட்டதுதானுங்க. கிளாஸ்ல பாதிப்பேரு ஜூன் ஒண்ணு. அதுல யாருக்கு என்ன ஆயிருச்சுன்னு நெனச்சுட்டேனுங்க" என்றாள் சரிதா.

கொழுந்து பறிக்கும் சின்னம்மையின் மகள் ரேகா, எட்டாம் வகுப்பு, இரண்டு வாரமாகப் பள்ளிக்குப் போகவில்லை. சிறுமியின் கணக்கென்றால் அந்நியர் செய்தி உள்ளே வராதபடி பூட்டு உண்டு. முப்பத்தாறு வயதுக்காரிக்கு எதற்குப் பூட்டு? ஒருவன் வந்தான், அன்பாகப் பேசினான், போட்டோ வாங்கினான். இப்போது மிரட்டுகிறான்.

பதினெட்டுக்குக் கீழென்றால் பெற்றோர் சம்மதம் வேண்டுமென்று டெல்லியில் சட்டம் எழுதியாயிற்று. அது இன்னும் வளைவு வளைவாக மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருக்கிறது. ஆதாரம் போய்விடும், கணக்கை அழிக்காதே என்கிறது போலீஸ். சிறுவர் புகாரென்றால் கணக்கில் சிறுவர் வயது இருக்க வேண்டும் என்கிறது வலைதளக் கம்பெனி.

ரேகாவின் பிறப்புச் சான்றிதழைச் சரிதா ஐந்து முறை அனுப்பிவிட்டாள். 'பரிசீலனையில் உள்ளது' என்று ஐந்து முறை பதில் வந்துவிட்டது. வயது போட்டது யார் என்று போலீஸ் கேட்டபோது, சின்னம்மை வாய் திறக்குமுன் சரிதாவே "நானுங்க" என்று எழுந்து நின்றாளாம்.

இப்போது பிள்ளைகள் வந்தால் போனைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறாள்.

"அம்மாளைக் கூட்டிட்டு வா சாமி."

"கீழ்க்கடையில இதெல்லாம் கேக்கவே மாட்டாங்க ஆன்ட்டி."

"அப்ப அங்கயே போ. எங்கிட்ட வருசம் தீந்துபோச்சு."

நான் நிற்கும்போதே வேலை முடிந்து சின்னம்மை வந்தாள். இடுப்பில் இன்னும் ஈரம் படாமல் கட்டும் படங்குச் சாக்கு, நகமெல்லாம் கொழுந்துக்கறை. திட்டவில்லை.

"அக்கா, எம்புள்ள வயச எப்ப திருப்பித் தருவீங்க?"

சரிதா கடையிலிருந்த ஒரே ஸ்டூலைத் தூக்கி வெளியே போட்டு, சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

சின்னம்மை உட்காரவில்லை.